உள்ளே விட்ட துணி

எங்கள் வீட்டில் ஒரு வார்த்தைக்குத் தடை விழுந்தது. கெட்ட வார்த்தையாக இருந்தால் பரவாயில்லை. கோபம் வந்தால் என் வாயில் வருகிறவற்றில் நாலைந்தை நானே எடுத்துக் கொடுத்து, இதையும் சேர்த்து ஒழியுங்கள் என்று சொல்லியிருப்பேன். தடை விழுந்தது "சாப்டியா" என்ற வார்த்தைக்கு.

தடை போட்டவள், மருத்துவமனையில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண். டயட்டீஷியன் என்று கதவில் எழுதியிருந்தது. என் மகள் முதல் நாளே "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டதால் நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். அந்த அக்காவே பலமாகக் காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். இவளா என் பிள்ளைக்குச் சதை போட வழி சொல்லப்போகிறாள் என்று மனசுக்குள் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அவள் என்னைப் பார்த்து, "முதல்ல, வீட்டுல யாரும் யாரோட உடம்பப் பத்தியும் பேச வேணாம்மா" என்றாள். மனசில் ஓடுவதெல்லாம் என் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். கல்யாணப் புகைப்படத்திலேயே தெரியும்.

ஏன் அங்கே போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் பள்ளிக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். பதினாறு வயது. கையும் காலும் நீளம், மற்றபடி எலும்பும் தோலும்தான். பள்ளிக்குப் போக நேரமாகிவிடுமோ, பரீட்சையில் மறந்துவிடுமோ, வாசல் கதவைச் சரியாகப் பூட்டினோமோ என்று எதற்கெடுத்தாலும் பயம். காலையில் அந்தப் பயம் முதலில் போய் உட்காருவது வயிற்றில். ஒரு துண்டு ரொட்டியை வாயில் போட்டால், தான் ரொட்டி என்பதே அதற்கு மறந்துபோகும்வரை மென்றுகொண்டிருப்பாள். அவள் பயப்படாத ஒரே இடம் கோல் கம்பத்துக்கு நடுவில். "பந்து வர்றப்ப பயப்பட நேரம் இல்லம்மா" என்பாள்.

ஒருநாள் பயிற்சியில் பந்தும் வராமல், யாரும் தொடாமல், கம்பத்தைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். ரத்தம், தைராய்டு, இன்னும் என்னென்னவோ எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நோய் எதுவும் இல்ல. வயசுக்கும் உயரத்துக்கும் எடை ரொம்பக் கம்மி. பயம் பசியைச் சாப்பிட்டுடுது. எடை நல்லபடியா ஏறி நான் சொல்ற வரைக்கும் மைதானத்துல கால் வைக்கக் கூடாது" என்றார். ஊசி குத்தியபோதுகூட அழாத என் பெண் அப்போது அழுதாள். அந்தக் கம்பத்துக்கு நடுவில் திரும்பப் போய் நிற்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இதில் ஊருக்குச் சிரிப்பு என்னவென்றால், எனக்கு வேலை பேக்கரியில். ஊர் முழுக்க என் கையால் ரொட்டி வாங்கித் தின்கிறது. "ரொட்டிக்காரம்மா பிள்ளைக்கு மட்டும் ரொட்டி கிடைக்கல போல" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. அப்படிக் கேட்டவர்களுக்கு நான் கருகின ஓரத்தைப் பார்த்துப் பொறுக்கிச் சுற்றிக் கொடுத்தேன்.

அக்கா சொன்னவை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வயிறு பூட்டிக்கொள்கிற காலையில் மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு வாழைப்பழமும் பாலும் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. முட்டை, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு, பருப்பு, தயிர். ரொட்டியில் வெண்ணெயைக் கஞ்சத்தனம் இல்லாமல் தடவ வேண்டும். சாப்பிடுவதற்கு முன் தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்பக் கூடாது. முதல் வாய்க்கு முன் மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். பயத்துக்குத் தனியாகப் பேச, பக்கத்து அறையில் இன்னொரு ஆலோசகர். வீட்டில் இருக்கும் எடை இயந்திரத்தைத் தூக்கிப் பரணில் போட வேண்டும், எடை பார்ப்பது மருத்துவமனையில் மட்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவள் தட்டை யாரும் பார்க்கக் கூடாது.

"வீட்டுல எல்லாரும் சேர்ந்துதானே சாப்பிடுறீங்க?"

"ஆமா ஆமா" என்றோம் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே குரலில். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே குரலில் பேசியதே அன்றுதான், அதுவும் பொய்.

"அப்புறம், சாப்டியா சாப்டியான்னு கேக்காதீங்க. உங்களுக்கு அது பாசம். அவளுக்கு அது பரீட்சை."

என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு, "சரி, கிளம்பலாமா நூலு" என்று மகளைக் கூப்பிட்டார். அக்கா எங்களைக் குற்றவாளிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். என் பெண்தான் காப்பாற்றினாள். "ஐயோ, ஒல்லிக்கு வச்ச பேரு இல்லக்கா அது. அப்பா டெய்லர். குழந்தையா இருக்கறப்ப மிஷின் அடியில தவழ்ந்துட்டு, உடம்பெல்லாம் துண்டு நூல ஒட்டிக்கிட்டு வருவேனாம். அப்ப வச்சது." அக்கா சிரித்து, அந்தப் பெயரை மட்டும் விட்டுவைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் எத்தனை வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. வேலையிலிருந்து வந்தால் அதுதான் வணக்கம். போன் எடுத்தால் அதுதான் ஹலோ. பேச்சுவார்த்தை இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும்போது, யாராவது ஒருவர் வந்து "சாப்டியா" என்றால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். தடை வந்த வாரத்தில் ஒரு கிழிந்த தலையணை உறைக்காக எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது. முடிக்க வார்த்தை இல்லாமல் அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் அவர் வந்து, "மழை வருமா?" என்று கேட்டார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. "வரும் வரும்" என்றேன். அத்தோடு சமாதானம்.

எனக்காவது வேறு வார்த்தைகள் உண்டு. என் வீட்டுக்காரர் பாடுதான் திண்டாட்டம். கீழே கடை, மேலே வீடு. நாள் முழுக்க மிஷின் சத்தம்தான் கேட்கும், அவர் சத்தம் கேட்காது. "நீளம் போதுமா", "நாளைக்கு வாங்க", "சாப்டியா", இந்த மூன்றை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்ட மனிதர். முதல் இரண்டும் வாடிக்கையாளருக்கு, மூன்றாவது மகளுக்கு. அதைப் பிடுங்கிக்கொண்டதும், அவள் எதிரே வந்தால் வாயைத் திறந்து, திறந்தபடியே நின்று, இஞ்ச் டேப்பைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு போய்விடுவார்.

இந்த நேரத்தில்தான் என் அண்ணன் வந்தார். லாரி ஓட்டுகிறவர், போகிற இடத்திலெல்லாம் யோசனை வாங்கிக்கொண்டு வருவார். இந்த முறை யோசனையோடு பெரிய டப்பா ஒன்றும் வந்தது. டப்பாவின் மேல் ஒரு ஆள் சட்டை இல்லாமல் முறைத்துக்கொண்டு நின்றான். கை ஒவ்வொன்றும் தொடை அளவு.

"பால்ல கலக்கிக் குடி. ஒரே மாசம், ஆளே மாறிடுவே" என்றார் அண்ணன்.

"மாமா, இதக் குடிச்சா எனக்கும் இந்த மீசை வருமா?" என்றாள் நூலு.

அக்காவிடம் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சாப்பாடே போதும், டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றாள். அண்ணன் மனசு வந்து எறிவாரா? தானே எடுத்துப்போய்க் குடித்து முடித்துவிட்டுக் காலி டப்பாவை என் வீட்டுக்காரரிடம் பட்டன் போட்டு வைக்கக் கொடுத்தார். கை பெருத்ததா என்றால், பெருத்த இடம் கை இல்லை. உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

முதல் முறை எடை பார்த்தபோது முள் அசையவே இல்லை. "இப்பதானே ஆரம்பிச்சிருக்கோம்" என்றாள் அக்கா. நூலு சிரித்துக்கொண்டுதான் தலையாட்டினாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கோல்கீப்பர் கையுறைகளை எடுத்துப் பழைய துணி மூட்டைக்குள் திணித்துவிட்டாள். அன்று இரவு தட்டில் இருந்ததைத் தள்ளித் தள்ளி ஓரத்தில் கோலம் போட்டாள். தட்டைப் பார்க்கக் கூடாது என்பதால் நான் சுவரைப் பார்த்தேன். அவர் எதைப் பார்த்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் நூலு மாடியிலிருந்து கத்தினாள். பயந்துபோய் ஓடினால், பள்ளிப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், முகமெல்லாம் பல்.

"அம்மா, பேண்ட் பிடிக்குது."

"என்ன பிடிக்குது?"

"டைட்டா இருக்கும்மா. இங்க பாரு, முன்னாடியெல்லாம் ரெண்டு விரல் போகும். இப்ப ஒண்ணுதான் போகுது."

நான் விரலை விட்டுப் பார்த்தேன். உண்மைதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அன்று காலை அவளாகவே இன்னொரு ரொட்டித் துண்டை எடுத்து, மேலே வெண்ணெய் தடவிச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து வயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. பள்ளிப் பையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் காலியாகத் திரும்பி வந்தது. பத்து நாள் கழித்துப் பேண்ட் இன்னும் கொஞ்சம் பிடித்தது. விளையாட்டு டீச்சரிடம் போய், "அடுத்த மாசம் நான் வந்துடுவேன் மிஸ், என் இடத்த யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டும் வந்தாள். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காலையில்தான் எண்ணெய் விட்டார், மறுபடியும் ஏன் விடுகிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்கு அவள் எனக்கு முன்னால் நடந்தாள். எடை இயந்திரத்தில் ஏறி நின்று, கோல் போட வருகிறவர்களைப் பார்ப்பதுபோல முள்ளைப் பார்த்தாள். முள் துளி நகர்ந்து நின்றது.

"பரவாயில்லையே, ஏற ஆரம்பிச்சிருக்கு. ரொம்ப நல்லா போகுது" என்றாள் அக்கா, உண்மையான சந்தோஷத்தோடு.

"இவ்வளவுதானா?" என்றாள் நூலு.

"இதுவே பெருசு."

"இல்லக்கா. பேண்ட் எவ்வளவு டைட்டாச்சு தெரியுமா? மிஷின்தான் தப்பு. இன்னொரு தடவ பாருங்க."

இன்னொரு தடவை பார்த்தார்கள். மிஷின் தப்பு இல்லை. பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவளிடம் பேச வாயெடுத்தால் என் நாக்கு நேராக அந்தத் தடை செய்த வார்த்தையிடம்தான் போகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டெய்லர் வீட்டுப் பிள்ளை அல்லவா. வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றினாள், பேண்ட்டை உள்வெளியாகத் திருப்பினாள், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பின்பக்க நடுத்தையலில், பழைய தையலுக்கு உட்பக்கமாக இன்னொரு தையல் ஓடியது. அதற்கும் உட்பக்கமாக மற்றொன்று. நூல் புத்தம் புதுசு. பேண்ட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஏதோ நடக்கப்போகிறது என்று நானும் பின்னாலேயே போனேன்.

"அப்பா, இது யாரோட தையல்?"

அவர் மிதிப்பதை நிறுத்தினார்.

"முடிக்கற இடத்துல முன்னயும் பின்னயுமா இத்தன தடவ அடிச்சு முடிக்கறது உங்களத் தவிர இந்த ஊர்ல யாரு?"

"நான்தான்" என்றார். பொய் சொல்லவும் வார்த்தை வேண்டுமே.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையில் ஓங்கி அடித்தேன், துணியில் குறி போடும் சாக்குக்கட்டி நொறுங்கியது. "என்ன வேலைங்க இது? புள்ள ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கா. டீச்சர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கா. உங்களுக்குக் கூறு வேணாம்?"

"கையுறைய மூட்டைல போட்டா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "பாத்துட்டு சும்மா இருக்க முடியல. கேக்கவும் கூடாதுன்னுட்டாங்க. எனக்கு வேற என்ன தெரியும், இது ஒண்ணுதான் தெரியும். கொஞ்சம் பிடிச்சுவிட்டா அவளுக்கு சந்தோஷமா இருக்குமேன்னு."

"சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்றாள் நூலு. "என் வயிறு சொல்றது எதையும் என்னால நம்ப முடியாதுப்பா. பசிக்குதா பயமான்னே தெரியாது. இந்தப் பேண்ட் ஒண்ண நம்பினேன். அதையும் நீங்க பொய் சொல்ல வச்சுட்டீங்க."

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரி சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை. இரண்டு பேரையும் சாப்பிடு என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. பயமாக இருந்தது. கதவுக்கு வெளியே ஒரு தம்ளர் பாலை வைத்துவிட்டு, "பால் இங்க இருக்கு, பூனை வந்துடும்" என்றேன். எங்கள் தெருவில் பூனையே கிடையாது. விடிந்து பார்த்தபோது தம்ளர் காலியாக இருந்தது. அந்தத் தம்ளரை எடுத்துக் கழுவும்போது நான் அழுதேன்.

காலையில் அவர் பேண்ட்டையும் நூல் வெட்டும் குட்டிக் கத்தரியையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"நீயே பிரிம்மா. இனி உன்னக் கேக்காம உன் துணில ஊசி வைக்க மாட்டேன்."

அவள் உட்கார்ந்து பிரித்தாள். அவர் அடித்து அடித்து முடித்த இடம் லேசில் வரவில்லை. "பொய்ய இவ்வளவு உறுதியா தைக்கணுமாப்பா?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது. அது சிரிப்புதான் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் அவருக்கு உடனே கொடுத்துவிடக் கூடாது என்று உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

இரண்டு தையலும் போய், பழைய தையல் மட்டும் நின்றது. அதைத் தாண்டி ஓரத்தில் துணி ஏராளமாக மடிந்து கிடந்தது. அவள் விரலால் அதைப் பிடித்துப் பார்த்தாள்.

"இது எதுக்கு இவ்வளவு? கடைக்கு வர்ற பசங்களுக்கு இதுல பாதிதானே விடுவீங்க?"

"வளர்ற பிள்ளைக்கு உள்ள துணி விட்டுத்தான் தைக்கணும். பின்னாடி பிரிச்சு விடலாம்."

"எனக்கு எப்ப பிரிச்சு விட்டீங்க?"

அவர் யோசித்தார். "ஒரு வருஷமும் வேண்டியிருக்கல. வருஷா வருஷம் தைக்கறப்ப உள்ள துணி விடுவேன். விட்டதெல்லாம் அப்படியேதான் இருக்கும். அடுத்த வருஷத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட விடுவேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. நூலு அந்தத் துணியை விரலால் மடித்து மடித்துப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, தண்டனை சொல்றேன்" என்றாள். "நீங்க மதியம் சாப்பிடறதே இல்ல. மிஷின் மேல டீ கிளாஸ் வச்சுக்கிட்டு ஓட்டறீங்க. அக்காகிட்ட போய் எல்லாரும் சேர்ந்து சாப்பிடறோம்னு வேற சொன்னீங்க. இனிமே நான் எப்பெப்ப சாப்பிடறேனோ அப்பெல்லாம் மிஷின நிறுத்திட்டு வந்து என்கூட உக்காந்து சாப்பிடணும். மதியம் நான் ஸ்கூல்ல சாப்பிடற நேரத்துக்கு நீங்க இங்க சாப்பிடணும். அம்மாவுக்கும் சேர்த்துதான்."

நான் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்க நினைத்தேன். பேக்கரியில் நின்றபடியே உடைந்த பன்னைத் தின்று மதியத்தை முடிக்கிற ஆள் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அப்படி ஆரம்பித்ததுதான். பள்ளிக்கு முன் வாழைப்பழம், பள்ளி விட்டதும் முட்டை வைத்த ரொட்டி, ராத்திரி படுக்குமுன் பால் என்று அவள் உட்காரும்போதெல்லாம் எதிரே அவரும் உட்கார்ந்தார். தட்டைப் பார்க்கக் கூடாது என்பதால் அப்பாவும் மகளும் வேறு கதை பேசினார்கள். அதாவது அவள் பேசுவாள், அவர் "ம்" கொட்டுவார். எந்த வாடிக்கையாளர் அளவு எடுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுக்கிறார் என்று ஒருநாள் அவர் சொல்ல ஆரம்பித்தார். அவள் பால் மூக்கில் ஏறச் சிரித்தாள். முதல் வாய்க்கு முன் மூச்சை மெதுவாக வெளியே விடுவதை இரண்டு பேரும் சேர்ந்தே செய்தார்கள். மிஷினை நிறுத்தி அவரும் ஊதுகிறார் என்றால் பாருங்கள்.

முதலில் பேண்ட் டைட்டானது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? அவருக்குத்தான். ஒரு காலையில் ரகசியமாகத் தன் பேண்ட்டைத் தானே பிரித்து விட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டேன். "மருந்து அவளுக்கு, சதை உங்களுக்கா?" என்றேன். "உடம்பப் பத்திப் பேசக் கூடாது" என்றார் தலை நிமிராமல்.

எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கவில்லை. பரீட்சை வாரத்தில் வயிறு பழையபடி பூட்டிக்கொண்டது. வாழைப்பழத்தைக் கையில் பிடித்தபடி, பஸ் போய்விடுமோ என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். அவரும் வாழைப்பழத்தைக் கையில் பிடித்தபடி அவள் பின்னாலேயே நடந்தார், தண்டனை தண்டனைதானே. பாதிதான் உள்ளே போனது. மீதியைப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். முன்பெல்லாம் மீதியை ஜன்னல் வழியாகப் போடுவாள். முள் ஒவ்வொரு முறையும் துளித்துளியாக ஏறியது, ஒரு முறை அப்படியே நின்றது, பிறகு மறுபடி ஏறியது. அவள் பேண்ட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை.

மாதங்கள் போய், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நாள் காலை; அன்று சாயங்காலம் மறுபடி எடை பார்க்க வேண்டும். நான் பேக்கரிக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நூலு பேண்ட்டின் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகக் கடைக்குள் போனாள். முகம் சிவந்திருந்தது.

"சத்தியம் பண்ணீங்களேப்பா. மறுபடியும் பிடிச்சிருக்கீங்க."

"இல்லம்மா."

"கொக்கியே போட முடியல. பொய் சொல்லாதீங்க."

"தொடலம்மா. உன் பீரோவையே நான் தொடல."

எனக்கும் சந்தேகம்தான், சொல்லிவிடுகிறேன். அவள் மேலே ஓடிப்போய் வேறு உடை மாற்றிக்கொண்டு, பேண்ட்டை உள்வெளியாகத் திருப்பியபடியே இறங்கி வந்தாள். கடை வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். மூன்று தலையும் அதன்மேல் குனிந்தன. பின்பக்கத்தில் பழைய தையல் ஒன்றுதான் இருந்தது. அதற்கு உட்பக்கத்தில், அன்றைக்கு அவளே பிரித்த தையல்களின் ஊசி ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அவற்றில் நூல் இல்லை.

தெருவில் யாரோ ஒரு சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்கள். அவள் அந்த ஓட்டைகளின்மேல் விரலை ஓட்டினாள், ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

"அப்ப இது நானா?" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார், திறந்தபடியே நின்றார். இஞ்ச் டேப்பைச் சரிசெய்துகொள்ளக் கழுத்தைத் தடவினார், அன்றைக்குப் பார்த்து டேப் கழுத்தில் இல்லை.

"நீதான்டி" என்றேன் நான். அவருக்கும் சேர்த்துச் சொன்னேன்.

சாயங்காலம் முள் சொன்னது எங்களுக்குப் புது விஷயம் இல்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மைதானத்துக்குப் போகலாம். மெதுவா ஆரம்பி. விளையாடற அன்னைக்கு இன்னும் கொஞ்சம் அதிகமா சாப்பிடணும். எடை பார்க்க வர்றத விட்டுடாத" என்றார். நூலு அழுதாள். அந்த அறையில் அவள் அழுவது இரண்டாவது முறை. நான் அந்த ஒல்லி அக்காவைப் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மறுநாள் பேக்கரியிலிருந்து ஒரு முழு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன், கருகாத ரொட்டி.

வீட்டுக்கு வந்ததும் நூலு பேண்ட்டை மிஷின்மேல் வைத்தாள். "இப்பக் கேக்கறேன். பிரிச்சு விடுங்கப்பா."

அவர் பழைய தையலைப் பிரித்தார். இடுப்புப் பட்டியைப் பிரித்தார். உள்ளே மடிந்து கிடந்த துணியை வெளியே எடுத்து, இஸ்திரி போட்டு நீவினார். பேண்ட் துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. உள்ளே இருந்த துணி, வாங்கி வந்த அன்று இருந்த கருநீலத்திலேயே இருந்தது. தைத்து முடித்துத் தூக்கிக் காட்டியபோது பின்பக்கத்தில் இடுப்பிலிருந்து கீழே ஒரு கருநீலக் கோடு இறங்கியது.

"அசிங்கமா தெரியுது. புதுசு ஒண்ணு தச்சுத் தர்றேன்" என்றார்.

"வேணாம். இதையே போட்டுக்கறேன்."

"பசங்க கேப்பாங்க."

"கேக்கட்டுமே. எங்கப்பா எனக்கு உள்ள விட்ட துணின்னு சொல்றேன்."

அவர் கத்தரியைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார். கத்தரி கண் முன்னால் பட்டன் டப்பா பக்கத்திலேயே கிடந்தது, டப்பாமேல் இருந்த மீசைக்காரன்கூட அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மறுநாள் காலை அவள் கையுறைகளைப் பைக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். நானும் அவரும் கடை வாசலில் நின்றோம். வெளுத்த பேண்ட்டின் பின்னால் அந்தக் கருநீலக் கோடு ஒவ்வொரு அடிக்கும் அசைந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தெருமுனைக்குப் போகும்போது, இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து அவர் வாயிலிருந்து சத்தமாக வந்தது.

"நூலு, சாப்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் நின்று திரும்பினாள். எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறந்துவிட்டது.

"இப்பதானேப்பா உங்ககூட உக்காந்து சாப்ட்டேன்" என்றாள். "மறந்துட்டீங்களா?"

"ஆமால்ல" என்றார் அவர்.